வெங்காயத் தோல் மாதிரி உரியும் வெள்ளிக் கேரவன்: அலுமினியப் பூச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டர் நெருங்கினாலும் டிசம்பர் விடுமுறை நெருங்கினாலும் தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், மாரிட்ஸ்பர்க், லெனேசியா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சந்தேகம்தான் வருகிறது: காரின் பின்னால் இழுத்துப்போகும் கேரவனின் வெளித்தகட்டில் பூச்சு உரிகிறது, என்ன செய்வது? அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துக் கட்டிய ஏர்ஸ்ட்ரீம் (அமெரிக்கத் தயாரிப்பு) வகை வண்டிகளையும், அதே பாணியில் இங்கேயே கட்டிய டிரெய்லர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். முதல் மூன்றையும் படிக்காமல் நடுவில் குதிக்க வேண்டாம். தப்பான மருந்தைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த மூன்றைத் தாண்டிப் போனவர்கள்தான்.

1. அண்ணா, கேரவன் சுவரெல்லாம் வெங்காயத் தோல் மாதிரி உரியுது. அலுமினியமே உரிஞ்சு வருதா?

இல்லை. உரிவது அலுமினியத்தின் மேல் இருக்கும் கிளியர்கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. தலைமுடியைவிட மெல்லியது. நகத்தால் கீறினால் செதிலாக வரும். செதிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் லேசான மஞ்சள் தெரியும். அடியில் தகடு அப்படியேதான் இருக்கிறது.

சாதாரண பெயின்டில் இருக்கும் நிறத்தூள் வெயிலை மேலேயே மறித்துவிடும். கிளியர்கோட்டில் அது கிடையாது. புற ஊதாக் கதிர் அடி வரை இறங்கி, அலுமினியத்தில் பட்டுத் திரும்பி, அதே பூச்சை இன்னொரு தடவை கடக்கிறது. பிடிப்பு அடியிலிருந்தே போய்விடுகிறது. கூடவே தகடு பகலில் நீண்டு இரவில் சுருங்குகிறது. 6.5 மீட்டர் நீள வண்டியில் 40 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 6 மி.மீ. நீளும். வயதாகி விறைத்துப்போன பூச்சு அதற்கு வளைந்துகொடுக்காமல் ரிவெட்டைச் சுற்றி முதலில் வெடிக்கும். நம் ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்து ஓடுவதால், ஒரே இடத்தில் நிறுத்தி வைத்த வண்டியில் கூரையும் வடக்குப் பக்கமும் முந்திக்கொள்ளும்.

2. பூச்சு இருக்கா இல்லையான்னே தெரியலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குத்துவிளக்கு துலக்க வைத்திருக்கும் பிராஸோ போதும். கண்ணில் படாத ஒரு மூலையில் பட்டாணி அளவு வைத்து, வெள்ளைத் துணியால் இருபது தடவை தேயுங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம். வெள்ளையாகவே இருந்தால் நடுவில் பூச்சு இருக்கிறது. சோதித்த இடத்தை உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். பிராஸோ சோதனைக்குத்தான், வண்டி முழுக்கத் தேய்க்க அல்ல.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். இரண்டு முனைகளையும் அழுத்தாமல், கீறாமல் தகட்டில் வையுங்கள். 'பீப்' என்றால் வெறும் தகடு, சத்தமில்லை என்றால் பூச்சு. பாதி உரிந்த வண்டியில் எது எங்கே மிச்சம் இருக்கிறது என்று வரைபடம் போட இதைவிட நல்ல வழி இல்லை.

பூச்சு உண்டு என்று தெரிந்ததும், பருத்திப் பஞ்சில் அசிட்டோன் நனைத்து 30 விநாடி வைத்து எடுங்கள். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால் அது காற்றில் உலரும் பழைய அக்ரிலிக் வகை. ஒன்றுமே ஆகவில்லை என்றால் தொழிற்சாலையில் சூட்டில் பதப்படுத்தியது, அல்லது பிறகு யாரோ அடித்த டூ-கே (இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும்) பாலியூரித்தேன். இந்த வித்தியாசத்தில்தான் மற்ற எல்லாப் பதிலும் தொங்குகிறது.

3. வண்டியோட வருஷம் தெரிஞ்சா என்ன பிரயோஜனம்?

ஏர்ஸ்ட்ரீம் என்றால் நிறைய உண்டு. 1960களின் தொடக்கம் வரை வந்தவற்றுக்குப் பூச்சே கிடையாது, வெறும் தகடு. 1959-இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனர் வாலி பையம் கேப்டவுனிலிருந்து கெய்ரோவுக்கு ஓட்டிப்போன கூட்டத்தின் வண்டிகள் அந்த ரகம்தான். 60களின் நடுவிலிருந்து 80களின் தொடக்கம் வரை, வண்டியைக் கட்டி முடித்த பிறகு மேலே ஸ்பிரே அடித்தார்கள். இது அசிட்டோனில் கரையும், ஸ்ட்ரிப்பருக்கு (பூச்சை உரித்தெடுக்கும் ரசாயனத்துக்கு) உடனே மசியும். அதற்குப் பிறகு வந்தவற்றில் தகடு சுருளாக இருக்கும்போதே பூச்சு ஏற்றப்பட்டது. அது கல்நெஞ்சம், லேசில் வராது.

பிந்தைய ரகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. பூசிய தகட்டை வெட்டி, துளை போட்டு, ரிவெட் அடிப்பதால் வெட்டிய ஓரமும் துளை விளிம்பும் பூச்சில்லாமல் நிற்கின்றன. 5-ஆம் கேள்வியின் தொல்லை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

4. எங்க கேரவன் வெள்ளை பெயின்ட் அடிச்ச சாதாரண வண்டி. அதுவும் அலுமினியம்தானே, இதெல்லாம் பொருந்துமா?

கழுவுவதும் அரிப்பைப் பற்றியதும் பொருந்தும். உரித்துப் பாலிஷ் போடுவது பொருந்தாது. அந்த வண்டிகளின் தகடு மெல்லியது, பளபளப்புக்காகச் செய்ததல்ல. உரிந்த இடத்தைத் தேய்த்து, அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் அடியுங்கள். அவ்வளவுதான்.

5. பூச்சுக்குக் கீழே வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாப் போகுது. கரையானா?

கரையான் அலுமினியத்தைத் தின்னாது. இது நூலிழை அரிப்பு. அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. அகலம், ரிவெட், தகட்டு ஓரம், கல் பட்ட கீறல் போன்ற இடத்தில் தொடங்கி வளைந்து வளைந்து போகும். ஒரு கோடு பெரும்பாலும் இன்னொன்றை வெட்டாது, பக்கத்தில் வந்ததும் திரும்பிவிடும்.

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோட்டின் ஒரு நுனி மட்டும் ஈரமாக, கொஞ்சம் உப்பலாக இருக்கும். அதுதான் தலை. உப்பிலிருந்து வந்த குளோரைடும் ஈரமும் அங்கே சேர்ந்து அமிலமாகி அலுமினியத்தைக் கரைக்கின்றன. பின்னால் வரும் வாலில் காற்று புகுந்து, கரைந்தது வெள்ளைப் பொடியாக உறைந்துவிடுகிறது. தலைக்கு ஈரம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 முதல் 95 சதவீதம் வரை இருந்தால் அது நன்றாக ஊரும். டர்பன் கோடை அதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. அதே வண்டியை உள்நாட்டு மேட்டுநிலமான ஹைவெல்டில் குளிர்கால வறட்சியில் நிறுத்தினால் கோடுகள் அப்படியே நின்றுவிடும், மறுபடி கடற்கரைக்கு வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மேலே இன்னொரு கோட் அடித்து மூடிவிட்டால் போகாது. தலையும் உப்பும் உள்ளேயே அடைபடும். அந்த இடத்தின் பூச்சை எடுத்து, பொடியை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தடவை கழுவி, காயவைத்த பிறகுதான் மற்றது. எடுக்க மனமில்லை என்றால், ஓரத்திலும் ரிவெட்டிலும் ஊடுருவும் அரிப்புத் தடுப்பு எண்ணெயை ஆண்டுக்கு இரண்டு முறை தடவுங்கள். கோடு மறையாது, ஊரும் வேகம் குறையும். ஆனால் பின்னால் கோட் அடிக்கும் எண்ணம் இருந்தால் இந்த எண்ணெய் எதிரி, 16-ஐப் பாருங்கள்.

6. ஸ்காட்பர்க் கடற்கரையில ஒரு வாரம் தங்கிட்டு வந்தோம். சும்மா ஹோஸ் பிடிச்சாப் போதுமா?

வந்த அன்றே ஹோஸ் பிடிப்பது பாதி வேலை. மறுநாள் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, மெல்லிய துணியால் கீழிருந்து மேலே துடைத்து, மேலிருந்து கீழே அலசுங்கள். சோப்பை மேலிருந்து தொடங்கினால் காய்ந்த அழுக்கின்மேல் வழிந்து கோடு விழும். வீல் ஆர்ச்சின் உட்புறம், கதவின் கீழ் ஓரம், பம்பருக்குப் பின்னால் உள்ள தகட்டு மடிப்பு ஆகிய மூன்றையும்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். உப்பு தங்குவதும் அங்கேதான்.

அலுமினியத்துக்கு ஒத்துக்கொள்ளும் பி.ஹெச். அளவு 4 முதல் 8.5 வரை. ஜிக் பிளீச், ஓவன் கிளீனர், பூல் ஆசிட் எல்லாமே இதற்கு வெளியே. பிரஷர் வாஷரை மடிப்புக்கு நேராகப் பிடிக்காதீர்கள். உரியும் பூச்சின் விளிம்புக்குள் தண்ணீரை ஏற்றிவிடும்.

7. வீட்டுல பூல் ஆசிட் இருக்கு. தண்ணி கலந்து ஊத்தினா கண்ணாடி மாதிரி ஆயிடும்னு மச்சான் சொல்றாரு. சரியா?

மச்சானைத் தடுத்து நிறுத்துங்கள். பூல் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பூச்சைத் தொடாது, பூச்சு விட்டுப்போன இடத்தில் மட்டும் அலுமினியத்தைத் தின்னும். முதல் நிமிடம் பளிச்சென்று தெரியும், பிறகு பால் படிந்ததுபோல் வெளுத்துப்போகும். மடிப்புக்குள் புகுந்த குளோரைடை எத்தனை தடவை கழுவினாலும் முழுக்க வெளியே எடுக்க முடியாது. 5-ஆம் கேள்வியின் புழுவுக்கு அதுதான் தீனி.

இதில் இன்னொரு விஷயம் அடங்கியிருக்கிறது. நல்ல வண்டிகளில் பெரும்பாலும் ஆல்கிளாட் தகடு இருக்கும். நடுவில் செம்பு கலந்த உறுதியான அலுமினியக் கலவை, இரண்டு பக்கமும் ஏறக்குறைய தூய அலுமினியத் தோல். விமானங்களுக்குப் போடும் அதே அமைப்பு. 0.8 மி.மீ. தகட்டில் அந்தத் தோல் ஒரு பக்கத்துக்கு 5 சதவீதம், அதாவது 40 மைக்ரான்தான். கண்ணாடி மாதிரி ஜொலிப்பதும், அரிப்பைத் தாங்குவதும் அந்தத் தோல். அமிலமோ முரட்டு சாண்ட்பேப்பரோ அதைத் தாண்டிவிட்டால், நடுவில் இருக்கும் செம்புக் கலவை வெளியே வந்து வேகமாக அரிக்கத் தொடங்கும். போன தோலைத் திரும்ப ஒட்ட வழியே இல்லை.

8. ஓவன் கிளீனர், காஸ்டிக் சோடா? அது ஆசிட் இல்லையே.

ஆசிட் இல்லை, அதைவிட மோசம். காஸ்டிக் அலுமினியத்தோடு கொதித்து ஹைட்ரஜன் வாயுவை விடும், தகடு கறுத்துப்போகும். பெயின்ட் ஸ்ட்ரிப்பர் வாங்கும்போதும் டப்பாவின் பின்புறம் படியுங்கள். 'காஸ்டிக்' அல்லது 'சோடியம் ஹைட்ராக்சைடு' என்று இருந்தால் கதவு ஜன்னலின் மரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

9. அப்போ எந்த ஸ்ட்ரிப்பர்? பழைய அமெரிக்க வீடியோவுல பத்தே நிமிஷத்துல சுருங்கி விழுதே.

அது டைகுளோரோமீத்தேன் உள்ள ரகம். வேலை கச்சிதமாகச் செய்யும், ஆளையும் சாய்க்கும். ஆவி காற்றைவிடக் கனமானது, காரேஜ் தரையில் தேங்கும். உள்ளே போனால் உடலில் கார்பன் மோனாக்சைடாக மாறும். சாதாரண நைட்ரைல் கையுறை சில நிமிடத்தில் ஊறிப்போகும், சாதாரண வடிகட்டி மாஸ்க் சீக்கிரமே பலனற்றுப்போகும். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு விற்பதை 2019-இல் தடை செய்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு காரேஜில் செய்கிற வேலை இது இல்லை.

பென்சைல் ஆல்கஹால் சார்ந்த ஸ்ட்ரிப்பர் போதும். மெதுவாகத்தான் வேலை செய்யும், மூன்று மணி நேரம்கூட ஆகலாம். காத்திருங்கள். பியூட்டைல் கையுறை, பக்கவாட்டு மூடிய கண்ணாடி, முழுக்கை உடை, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர். வெட்டவெளியில், நிழலில்.

10. 22 அடி வண்டிக்கு எத்தனை லிட்டர் வாங்கணும்?

கூரை, இரண்டு பக்கம், முன் பின் எல்லாம் சேர்த்து ஜன்னலையும் கழிக்காமல் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 50 சதுர மீட்டர் வரும். தடிமனாகத் தடவினால் ஒரு லிட்டர் 4 சதுர மீட்டருக்கு வரும். முதல் சுற்றுக்கு 12 முதல் 13 லிட்டர், இரண்டாம் சுற்றுக்கு அதில் பாதி. 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் ஒரே ஒரு லிட்டர் வாங்கி, ஒரு தகட்டில் போட்டுப் பாருங்கள். அது மசியவில்லை என்றால் மீதி 19 லிட்டரும் மசிய வைக்காது.

11. எப்படி உரிக்கிறதுன்னு வரிசையாச் சொல்லுங்களேன்.

முதலில் மூடல். பின் விளக்கு, பக்க விளக்கு, ஆனிங் கை, நம்பர் பிளேட் எல்லாம் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாத ஜன்னல், ரப்பர், பிளாஸ்டிக் மூடிகளைச் சமையலறை அலுமினியத் தாளால் சுற்றி, ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். வெறும் மாஸ்கிங் டேப் மட்டும் போட்டால் ஸ்ட்ரிப்பர் அதைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். அக்ரிலிக் ஜன்னலில் ஒரு சொட்டு பட்டால் சிலந்தி வலைபோல் வெடிப்பு விழும், அதை எதுவும் மாற்றாது. தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு.

கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூட்டில் ஸ்ட்ரிப்பர் காய்ந்துபோகும். ஒரு தடவைக்கு ஒரு தகடு, ஒன்றரை சதுர மீட்டருக்கு மேல் வேண்டாம். பிரஷ்ஷை ஒரே திசையில் இழுத்துத் தடிமனாகப் போட்டு, திரும்பத் தேய்க்காமல் விடுங்கள். மேலே சமையலறைப் பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் காயாமல் இருக்கும். பூச்சு சுருங்கி, கொதித்த பாலின் ஏடு மாதிரி மடிந்தால் தயார். நைலான் ஸ்கிரேப்பரால், தகட்டின் இழை போகும் திசையிலேயே தள்ளுங்கள். மிச்சத்துக்கு இரண்டாம் தடவை.

பிறகு நிறையத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மறுபடி நிறையத் தண்ணீர். மடிப்புக்குள் தங்கிய ஸ்ட்ரிப்பர் ஒரு வாரம் கழித்து வழிந்து, புதிதாக அடித்த கோட்டைத் தூக்கிவிடும். அதனால் மடிப்பைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கம்ப்ரஸர் காற்றால் ஊதி, ஒரு முழு நாள் வெயிலில் விடுங்கள்.

12. ரிவெட்டைச் சுத்தி மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. கம்பி பிரஷ், ஸ்டீல் வுல் போடலாமா?

கூடாது. இரும்புத் துணுக்கு அலுமினியத்தில் புதைந்துகொள்ளும். நாலு மழைக்குப் பிறகு பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றி வெள்ளைப் பொடி. விறைத்த நைலான் பிரஷ், ரிவெட் தலைக்கு மூங்கில் குச்சி. பொறுமை வேண்டும். ஒரு தகட்டில் ரிவெட் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் வேலை ஓடாது.

13. ஸ்ட்ரிப்பர் போட்டு மூணு மணி நேரம் ஆச்சு, அசையவே இல்லை. ஹீட் கன் காட்டலாமா?

3-ஆம் கேள்வியில் சொன்ன சுருள்பூச்சு இது. ஹீட் கன் காட்டினால் ரிவெட்டுக்கு நடுவே தகடு உப்பி அலை அலையாக நிற்கும். ஆறினாலும் பழையபடி வராது. உள்ளே காப்புப் பஞ்சும் வயரும் வேறு இருக்கின்றன.

இங்கே எங்கள் கருத்து: முழுதும் உரிக்க முயல வேண்டாம். உரிந்துகொண்டிருப்பது எது என்று பாருங்கள். ஓரம் மட்டும் என்றால் அங்கே மட்டும் 5-இல் சொன்ன சிகிச்சை. ஒரு பெரிய தகடு மொத்தமும் போயிருந்தால், ஸ்ட்ரிப்பரை ஒரு இரவு முழுக்க பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் விட்டுப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் அந்தத் தகட்டை மாற்றுவதோ, வண்டியையே பெயின்ட் அடிப்பதோதான் மிச்ச வழி. வெள்ளி நிறம் போய்விடுமே என்று பலருக்கு மனசு கேட்காது. அது வேறு விஷயம்.

14. உரிச்சு முடிச்சா சாம்பல் கலரா மந்தமா நிக்குது. தகட்டைக் கெடுத்துட்டேனா?

இல்லை, அது ஆக்ஸைடு. பாலிஷ் போட்டால் கிளம்பும். மூன்று படி: முரட்டு பேஸ்ட், நடு பேஸ்ட், மெல்லிய பேஸ்ட். முதல் இரண்டுக்கும் 180 மி.மீ. கம்பளி பேட், சுற்று நிமிடத்துக்கு 1500 முதல் 2000. கடைசிக்கு மெல்லிய துணி உறை போட்ட ஆர்பிட்டல் பாலிஷர். 60 செ.மீ. சதுரத்துக்கு விரல் நுனி அளவு பேஸ்ட், நாலு இடத்தில் பொட்டு மாதிரி வைத்தால் போதும். அதிகமாக வைத்தால் கறுப்புக் குழம்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதை எடுப்பதே பெரிய வேலை. தகடு கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்துங்கள்.

படிக்குப் படி நடுவில் மினரல் டர்ப்ஸால் துடைத்து, மேலே மேசீனா (சோள) மாவைத் தூவி உலர்ந்த துணியால் துடைத்தால் எண்ணெய்ப் படலம் போய்விடும். துடைத்த துணிகளைக் கசக்கிக் குவிக்காமல், வெளியே விரித்துக் காயவையுங்கள். மூன்று படிக்கும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். 10-ஆம் கேள்வியின் 50-ஆல் பெருக்கிவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள். பக்கத்துப் பக்கத்துத் தகடு ஒன்று இருட்டாக, ஒன்று வெளுப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். தகட்டை உருட்டிய திசை வேறு. எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றாகாது.

15. பாலிஷோட விட்டுடலாமா, இல்லை மறுபடி கோட் அடிக்கணுமா?

வண்டி எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. லெனேசியாவிலோ மாரிட்ஸ்பர்க்கிலோ, அதாவது கடலுக்கு எட்டத்தில், கூரையடியில் நிற்குமானால் வெறும் பாலிஷும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கார்னாபா வாக்ஸும் போதும். உரியப் பூச்சே இல்லையே. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், திறந்த வெளியில் நிற்குமானால் வெறும் தகடு சில வாரத்திலேயே மங்கும். மாதாமாதம் வாக்ஸ் போடுகிற கை இருந்தால் சரி, இல்லையென்றால் கோட் வேண்டும்.

கண்ணாடி ஜொலிப்பும் வேண்டும், பத்து வருஷம் உழைக்கவும் வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து வராது. வழவழப்பான பரப்பில் எந்தப் பூச்சுக்கும் பிடிமானம் கிடையாது. உழைக்க வேண்டுமானால் மெல்லிய சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட்டால் சொரசொரப்பாக்கி, ஒட்டுதல் பிரைமர் அடித்து, டூ-கே கிளியர் அடிக்க வேண்டும். சாட்டின் துணி மாதிரி மங்கலான வெள்ளியாக நிற்கும். டூ-கேயில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமா கொண்டுவரும். வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க்கும் ஸ்பிரே பூத்தும் உள்ள பானல் பீட்டரிடம் (வண்டியின் தகட்டு வேலையும் பெயின்ட்டும் செய்பவரிடம்) விடுங்கள்.

16. காசு கொடுத்து கோட் அடிச்சு ஆறே மாசம். திரும்பவும் உரியுது. கோட் மட்டமா?

கோட்டைவிட அடிப்பரப்பில்தான் தப்பு இருக்கும். பாலிஷ் எண்ணெய், வாக்ஸ், சிலிக்கான், முன்பு தடவிய அரிப்புத் தடுப்பு எண்ணெய், இதில் ஏதாவது ஒன்று மிச்சம் இருந்தால் போதும். அடிப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு: சுத்தமான தண்ணீரைத் தகட்டில் தெளியுங்கள். 30 விநாடி உடையாத ஒரே படலமாக நின்றால் சுத்தம். வாழையிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது. அசிட்டோனால் துடைத்து மறுபடி பாருங்கள். ஒரு துணியை ஒரு பக்கம் ஒரு தடவைதான். அதே துணியால் துடைத்துக்கொண்டே போனால் எண்ணெயை இடம் மாற்றுகிறீர்கள்.

அடுத்தது பனி. தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். டர்பனில் மே முதல் ஆகஸ்ட் வரைதான் இதற்கு நல்ல காலம்; காலை பத்துக்குத் தொடங்கி இரண்டுக்கு முடித்துவிடுங்கள். சாயங்காலம் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் அடியில் மாட்டிக்கொண்டு பால் நிறம் படரும். கேப்டவுனில் குளிர்காலம்தான் மழைக்காலம். கோடையில் அடிக்கலாம், ஆனால் தென்கிழக்குக் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரக் கோட்டில் ஒட்டும்.

17. உரிஞ்ச இடத்துல மட்டும் ஒட்டுப் போடலாமா?

போடலாம், ஆனால் ஒட்டு வெளியே தெரியும். பழைய பூச்சு மஞ்சள், புதியது தெளிவு. நடுத்தகட்டில் வட்டமாக ஒட்டுப் போடாமல், ரிவெட் வரிசையிலிருந்து ரிவெட் வரிசை வரை ஒரு தகட்டை முழுதாக எடுத்துச் செய்தால் கண் அதை வேறு தகடு என்று ஏற்றுக்கொள்ளும்.

18. பன்னி சவ் (ரொட்டியைக் குடைஞ்சு கறிக்குழம்பு ஊத்தினது) விக்கிற டிரெய்லர் எங்களுது. எக்ஸ்ட்ராக்டர் (புகையை வெளியே தள்ளுற விசிறி) பக்கம் மட்டும் சீக்கிரம் போகுது, ஏன்?

எண்ணெய்ப் புகை, சூடு, அதைத் துடைக்கப் போடும் காரமான டிகிரீசர் மூன்றும் ஒரே இடத்தில். டிகிரீசரின் பி.ஹெச். அளவை 6-இல் சொன்ன வரம்போடு ஒப்பிடுங்கள். சமையலறை ரகம் பலவும் 12-க்கு மேல் போகும். அந்தப் பக்கத்தில் கோட்டைக் காப்பாற்ற நினைப்பதைவிட, எக்ஸ்ட்ராக்டரைச் சுற்றி அரை மீட்டருக்கு ஸ்டெயின்லெஸ் தகடு போர்த்துவது மலிவு. போர்த்தும்போது இரண்டு உலோகமும் நேராகத் தொடக்கூடாது. நடுவில் பாலியூரித்தேன் சீலன்ட் படலம், ஸ்க்ரூவுக்கு நைலான் வாஷர். இல்லையென்றால் உப்புக் காற்றில் அலுமினியம்தான் தன்னைக் கரைத்துக்கொள்ளும்.

19. மடிப்புல சிலிக்கான் அடிச்சு வெச்சிருக்காங்க. விட்டுடலாமா?

வினிகர் வாசனை வீசும் சிலிக்கான் என்றால் அது உலரும்போதே அமிலம் விட்டு அலுமினியத்தை அரித்திருக்கும். எந்த சிலிக்கானாக இருந்தாலும் அதன்மேல் எந்தக் கோட்டும் ஒட்டாது. பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, சிலிக்கான் நீக்கியால் துடைத்து, 16-இன் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். திரும்ப அடிக்க சிக்காஃப்ளெக்ஸ் போன்ற பாலியூரித்தேன் சீலன்ட். கோட் அடித்துக் காய்ந்த பிறகு.

20. உரிச்ச கழிவை எங்கே கொட்டுறது?

வாசல் சாக்கடையில் அல்ல. மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு ஏதுமின்றி ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகிறது. சேறு முழுவதையும் மூடியுள்ள இரும்பு டின்னில் சேர்த்து, ஆபத்தான கழிவை எடுத்துக்கொள்ளும் நகராட்சி இடத்தில் கொடுங்கள்.

21. ஒருத்தர் பழைய அமெரிக்க ஏர்ஸ்ட்ரீம் விக்கிறார். பூச்சு மொத்தமும் போயிருக்கு, விலை குறைவு. வாங்கலாமா?

பூச்சு மொத்தமும் போயிருப்பது ஒருவகையில் நல்லது. 11-ஆம் கேள்வியின் வேலை மிச்சம். ஆனால் போனது வெயிலாலா, யாரோ ஆசிட் ஊற்றியதாலா என்று பாருங்கள். ஓரமும் நடுவும் ஒரே மாதிரி மந்தமாக, கைக்கு வழவழப்பாக இருந்தால் வெயில். வழிந்த கோடுகளும் மாவு மாதிரி வெளுப்பும் இருந்தால் 7-ஆம் கேள்வி. ஒரு கையளவு இடத்தைப் பாலிஷ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜொலிப்பு வந்து, ஊசிமுனைக் குழிகள் இல்லாவிட்டால் தோல் மிச்சம் இருக்கிறது.

அமெரிக்க வண்டியின் கதவு வலது பக்கம். இங்கே நாம் இடது பக்கம் ஓட்டுவதால், சாலையோரம் நிறுத்தினால் கதவு லாரி போகும் பக்கம் திறக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக, இருட்டிய பிறகு ஒரு தடவை போய்ப் பாருங்கள். உள்ளே படுக்கைக்கு அடியில், அலமாரிக்குள், வீல் ஆர்ச்சுக்குப் பின்னால், உட்பக்கத் தகடு திறந்திருக்கும் இடத்திலெல்லாம் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, வெளியே ஒருவரை டார்ச்சோடு தகட்டை ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். நட்சத்திரம் மாதிரி ஒளிப்புள்ளி தெரிந்தால் அங்கே அரிப்பு தகட்டைக் கடந்துவிட்டது. ஒன்றிரண்டு என்றால் விலை பேசலாம். ஒரு ரிவெட் வரிசை முழுக்க மினுங்கினால், டார்ச்சை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.